பாட்டு வரியை முகத்தில் வாங்குவது: கொடைக்கானலில் போர்ட்ரெய்ட் திட்டமிடும் முறை

பாட்டில் மழை வந்தால் ஆளை நனைத்துவிடுவது, நிலா வந்தால் இரவுவரை காத்திருப்பது, கண்ணீர் வந்தால் கிளிசரின் பாட்டிலைத் தேடுவது. பாட்டு வரியை வைத்துப் போர்ட்ரெய்ட் எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். வரியில் உள்ள சாமான்கள் எல்லாம் படத்தில் வந்து சேரும், பாடுகிறவரின் மனது மட்டும் வராது. மலையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. பனி, பைன் மரம், பள்ளத்தாக்கு என்று எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் அழகு. முகம் அதில் தொலைந்துபோகும்.

ஆகவே கேமராப் பையைத் திறப்பதற்கு முன்னால் வரியைப் படிக்க வேண்டும்.

இடைச்சொல்லில் இருக்கிறது மனது

விளக்கத்துக்கு ஒரு வரியை நாமே கட்டிக்கொள்வோம்:

"கதவத் தொறந்தே வெச்சேன், பனிதான் உள்ள வந்துச்சு."

கதவு, பனி என்று இரண்டு பெயர்ச்சொற்கள். இவற்றைப் பிடித்துக்கொண்டால், திறந்த கதவருகே ஒரு பெண், வெளியே பனி என்று ஒரு காலண்டர் படம் கிடைக்கும். அந்த இரண்டையும் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். 'தொறந்து' இல்லை, 'தொறந்தே'. அந்த ஏகாரத்தில் இரவு முழுக்கக் காத்திருந்த நேரம் இருக்கிறது. 'பனி' இல்லை, 'பனிதான்'. அந்தத் 'தான்' வராமல் போன ஒருவரைச் சுட்டுகிறது. கூடவே தன்னைப் பார்த்தே சிரித்துக்கொள்கிற ஒரு கசப்பும் இருக்கிறது. அழுகை எங்கேயும் இல்லை. எந்தப் பாட்டை எடுத்தாலும் ஏ, தான், கூட, ஆவது போன்ற ஒட்டுகளைத்தான் முதலில் வட்டமிட வேண்டும். அடுத்தது வினைச்சொல். பெயர்ச்சொல்லுக்குக் கடைசி இடம்.

இதைத் திட்டமாக மாற்ற நம்மிடம் பழைய கருவி ஒன்று உண்டு. அகப்பாட்டை முதல், கரு, உரி என்று பிரிப்பார்கள். முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்து மரம், பூ, விலங்கு, தொழில் எல்லாம். உரி என்பது உள்ளத்து நிலை. ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, உரியிலிருந்து தலைகீழாக நிரப்புங்கள். நம் வரிக்கு: உரி, காத்திருந்து ஓய்ந்துபோன நிலை, லேசான எள்ளல். பொழுது, விடிவதற்குச் சற்று முன்னும் பின்னும். நிலம், வீட்டின் உட்புறம். கரு, குளிருக்கு இழுத்துப் போர்த்திய கம்பளி, ஆறிப்போன ஒரு டம்ளர் காப்பி. இவ்வளவு போதும்.

உரிப்பொருள் தவிர மற்றவை ஒன்றோடொன்று மயங்கலாம் என்பது பழைய இலக்கணம். ஒளிப்படத்துக்கும் இது கச்சிதமாகப் பொருந்தும். கம்பளிக்குப் பதில் ஸ்வெட்டர் வரலாம், வீட்டுக்குப் பதில் பேருந்து நிறுத்தம் வரலாம். உணர்வு மட்டும் ஒரு படத்துக்கு ஒன்றுதான். ஏக்கமும் கோபமும் நிம்மதியும் ஒரே முகத்தில் வேண்டும் என்று கேட்டால், எதிரில் உட்கார்ந்திருப்பவர் குழம்பிப்போய்ப் புகைப்படச் சிரிப்புக்குத் திரும்பிவிடுவார்.

ஓர் எச்சரிக்கை. வரியில் குறிஞ்சிப்பூ வந்தால், கையில் கிடைத்த ஊதாப்பூவை வைத்து ஒப்பேற்றாதீர்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது, அடுத்தது 2030. அந்த வரியின் பொருளே அந்தக் காத்திருப்புத்தான். பூக்காத குறிஞ்சிச் செடிகள் மண்டிய சரிவில் ஆளை நிறுத்துவது இன்னும் நேர்மையான படம்.

பல்லவி திரும்பி வரும்

ஒரே படம் போதும் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தொடராக எடுப்பதானால் பாட்டின் கட்டமைப்பையே பயன்படுத்துங்கள்: பல்லவி, சரணம், மீண்டும் பல்லவி, இரண்டாம் சரணம், கடைசியாகப் பல்லவி. பல்லவிக்கு ஒரே இடம், ஒரே லென்ஸ், ஒரே உயரம். மூன்று முறையும் அதே சட்டகம், ஒன்றே ஒன்று மட்டும் மாற வேண்டும்: காப்பி டம்ளர் காலியாகிறது, அல்லது கம்பளி தோளிலிருந்து நழுவுகிறது. முக்காலி நின்ற இடத்தில் தரையில் சாக்பீஸால் மூன்று புள்ளி வையுங்கள். லென்ஸ் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 5 செ.மீ. மாறினாலும் மூன்றையும் பக்கத்தில் வைக்கும்போது கண்ணை உறுத்தும்.

இடையிசைக்கு முகமே வேண்டாம். கை, கால்விரல், பின்கழுத்து. மொத்தம் ஏழு படம்: பல்லவி மூன்று, சரணம் இரண்டு, இடையிசை இரண்டு. ஒரு நாளில் இதற்கு மேல் ஆசைப்பட்டால் ஆளும் களைப்பார், வெளிச்சமும் கைவிடும்.

கதவே விளக்கு

நம் வரியில் கதவைக் காட்ட வேண்டியதில்லை. கதவு வழியாக வரும் வெளிச்சம் கன்னத்தில் விழுந்தால் கதவு படத்தில் இருக்கிறது என்றுதான் பொருள். மூன்றடி அகலம், ஆறரை அடி உயரம் கொண்ட வாசல், வெளியே பனி மூடிய வானம்: விளக்கொளியை மென்மையாக்கக் கடையில் வாங்கும் சாஃப்ட்பாக்ஸ் எதுவும் இவ்வளவு மென்மையாக வராது.

வீட்டுக்குள் எல்லா விளக்கையும் அணையுங்கள். ஒரு மஞ்சள் பல்பு எரிந்தாலும் கன்னத்தின் நிழல் பக்கம் ஆரஞ்சாகும், பிறகு திருத்துவது கடினம். ஆளை வாசலிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே, வாசலுக்குச் சாய்வாக உட்கார வையுங்கள். ஒரு மீட்டருக்குள் வந்தால் வெளிச்சம் பக்கத்துக் காதிலேயே தீர்ந்துவிடும். மூன்று மீட்டர் போனால் முகம் தட்டையாகும். பின்சுவர் அவரிடமிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் தானாகவே இருளும், திரை கட்டத் தேவையில்லை.

நிழல் பக்கத்தை எவ்வளவு இருட்டாக விடுவது என்பதில்தான் உரி தெரியும். கசப்புக்கு, நிழல் பக்கம் அரை மீட்டரில் ஒரு கறுப்புக் கம்பளியைப் பிடியுங்கள், கன்னம் செதுக்கியதுபோல வரும். ஏக்கத்துக்கு அதே இடத்தில் ஒரு மீட்டர் தள்ளி வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் போதும். நாலு முழ வேட்டி ஒன்று பையில் இருந்தால் ரிஃப்ளெக்டருக்கு ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்), வெயிலில் தலைக்கு மேல் பிடித்தால் டிஃப்யூசருக்கு டிஃப்யூசர் (வெயிலை மென்மையாக்கும்). துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிய வேட்டி ஆகாது, அந்தப் பழுப்பு அப்படியே தோலில் ஏறும்.

தொடங்க ஒரு கணக்கு: ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 800, லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் 1/125 நொடி. பிறகு வெளிச்சம் படும் கன்னத்தை ஸ்பாட் மீட்டரில் (ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் கேமரா வசதி) அளந்து திருத்துங்கள். மீட்டருக்கு உலகமே நடுச்சாம்பல்தான். மாநிறத் தோலுக்கு அது சொல்வது ஏறக்குறைய சரி. கறுத்த தோலை அது வெளுக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.3 முதல் -0.7 வரை குறைத்தால்தான் அவரவர் நிறம் அவரவருக்கு இருக்கும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வரும் மினுமினுப்பைப் பவுடர் போட்டுக் கொல்ல வேண்டாம். கறுத்த முகத்துக்கு வடிவம் கொடுப்பதே அந்த மினுக்கம்தான்.

கண்ணாடிக்குப் பின்னால்

மலைவீட்டின் ஜன்னல் இன்னொரு வரம். வெளியே குளிரும்போது ஈரம் கண்ணாடியின் உட்பக்கம் படியும். ஆகவே ஆள் உள்ளே, கேமரா வெளியே. படியவில்லையென்றால் ஜன்னலடியில் ஒரு பாத்திரம் வெந்நீரை வைத்தால் ஐந்து நிமிடத்தில் பூத்துவிடும்.

முகம் கண்ணாடியிலிருந்து 20 முதல் 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் மூச்சே பார்வையை மறைக்கும். ஒற்றை விரலால் ஒரு கண் அளவுக்கு அவரே துடைக்க வேண்டும், நீங்கள் துடைத்தால் துணியின் தடம் தெரியும். துடைத்த விளிம்பில் நீர் சேர்ந்து ஒரு துளி கீழே ஓடும். அதுதான் நீங்கள் காத்திருந்த கணம், கிளிசரின் வேலையை அது செய்துவிடும். சில நிமிடத்தில் மறுபடி மங்கிவிடும், பரவாயில்லை, இன்னொருமுறை துடைக்கலாம். எஃப் 2.8-இல் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் துளிகள் கரைந்து ஒளிப்பொட்டுகளாகும். துளியும் கண்ணும் சேர்ந்து வேண்டுமென்றால் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. ஏறும், ஏறட்டும்.

கெடுப்பது பிரதிபலிப்பு. உங்கள் பின்னால் இருக்கும் வெள்ளை வானம் கண்ணாடியில் விழுந்து முகத்தை மூடும். லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்புத் துணியை உதவிக்கு ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், அல்லது கண்ணாடிக்குச் சாய்வாக நின்று, பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைப் போட வேண்டும். அறைக்குள் ஒரு பக்கம் விளக்கு இருந்தால் இன்னும் நல்லது. டியூப் லைட்டானால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வெளிச்சம் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. அதைவிட வேகமாக எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டைகள் விழலாம்.

எந்த மாதம், எந்த மணி, எங்கே

மலைநிலமான குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பருவம் என்று வகுத்தவர்கள் கொடைக்கானலில் ஒரு வருடம் இருந்து பார்த்ததுபோல் இருக்கிறது. கூதிரான ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை: மேகம் தரையில் நடக்கும், வெளிச்சம் நாள் முழுக்க மென்மை, ஆனால் பாதி நாள் நனைந்தே போகும். முன்பனியான மார்கழி, தையில் காலை தெளிவாக, கடுங்குளிராக விடியும். ஏரியைச் சுற்றிய தாழ்வான புல்வெளிகளில் உறைபனி படியும் நாட்களும் உண்டு. பிரிவு, காத்திருப்பு, குற்றவுணர்வு போன்றவற்றுக்குக் கூதிர். தெளிவு, முடிவெடுத்த நிலை, புது உறவின் கூச்சம் இவற்றுக்கு முன்பனி. கோடை விடுமுறையில் திட்டமிடவே வேண்டாம், கூட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருவீர்கள்.

சூரியன் ஜனவரியில் 6.40-ஐ ஒட்டியும் ஜூனில் 6 மணியை ஒட்டியும் எழும், ஆனால் பள்ளமான இடங்களுக்கு மலை தாண்டி வரப் பின்னும் நேரமாகும். ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் நடுப்பகல் வெயில் ஊசிமாதிரி குத்தும், கண்குழியில் கருநிழல் விழும். காலை 9 மணிக்கு மேல் மாலை 4 வரை வெயிலில் ஆளை நிறுத்தாமல் தாழ்வாரத்துக்கோ மரத்தடி ஓரத்துக்கோ போய்விடுங்கள்.

இடத்துக்கு வந்தால், 1872-இல் போட்ட கோக்கர்ஸ் வாக் பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே ஓடுகிறது. பனி கீழிருந்து ஏறும்போது பின்னணி முழுதும் வெள்ளைத் தாளாகிவிடும். கம்பித் தடுப்பு கழுத்துக்குக் குறுக்கே வராதபடி கேமராவைத் தாழ்த்துங்கள். பைன் காட்டில் மரங்கள் எல்லாம் நேர்கோடு. தலை இரண்டு தண்டுகளுக்கு நடுவில் வர வேண்டும், இல்லாவிட்டால் உச்சியில் மரம் முளைத்ததுபோல் இருக்கும். காய்ந்த ஊசியிலை மெத்தை வழுக்கும், குதிகால் செருப்பு ஆகாது. பூம்பாறையின் பூண்டு வயல் படிக்கட்டுகள் 'வீடு', 'ஊர்', 'திரும்பி வருதல்' என்று வரும் வரிகளுக்கு. யாருடைய வயல் என்று கேட்டு, வரப்பில் மட்டும் நில்லுங்கள். மன்னவனூர்ப் புல்வெளி வெறுமைக்கு. அங்கே காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்தினால்தான் முடி முகத்தை விட்டு விலகும்.

வெளியூர் வண்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது, கிளம்புமுன் எடுத்துவிடுங்கள். பேரிஜம் ஏரிப் பக்கம் போக வனத்துறை அனுமதி வேண்டும். விடியலில் பனிக்குள் நடக்கும்போது காட்டுமாடு எதிரில் நிற்கலாம், ஊருக்குள்ளேயே வரும். ஓடாமல், ஃபிளாஷ் அடிக்காமல், வந்த வழியே பின்வாங்குங்கள். வட்டக்கானல் பக்கத்துப் பாறை விளிம்புகளில் ஆளை நிறுத்தும் யோசனையை இங்கேயே விட்டுவிடலாம். ஈரப் பாசி யாருக்கும் சலுகை காட்டாது. பனி வரவில்லையே என்று புகைக்குண்டு கொளுத்துவதும் வேண்டாம். மாசி, பங்குனியில் காய்ந்த புல் ஒரு பொறிக்குக் காத்திருக்கிறது.

பனிக்குள் முகம்

பனி கெடுக்கும் வழிகள் மூன்று, மூன்றுக்கும் காரணம் எளிது.

முதலாவது தூரம். 200 எம்.எம். லென்ஸோடு பத்து மீட்டர் தள்ளி நின்றால், அந்தப் பத்து மீட்டர் பனியும் முகத்தின் மேல் சல்லாத்துணியாக விரியும். கண்ணின் கறுப்புகூடச் சாம்பலாகும். அடர்ந்த பனியில் 50 எம்.எம்., இரண்டு மீட்டருக்குள். முகம் தெளிவாக, பின்னணி மட்டும் கரைந்து வரும். உருவம் கரைவதுதான் வரியின் தேவை என்றால், அப்போது தள்ளிப் போங்கள்.

இரண்டாவது மீட்டர். சட்டகம் முழுக்க வெள்ளை இருந்தால் கேமரா பயந்து இருட்டாக்கும், பனி அழுக்குச் சாம்பலாகும். +0.7 முதல் +1.3 வரை கூட்டுங்கள். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வலப்பக்கம் குவிய வேண்டும், வலது ஓரத்தில் மோதக் கூடாது.

மூன்றாவது ஃபிளாஷ். கேமரா மேல் வைத்து அடித்தால் ஒவ்வொரு நீர்த்துளியும் வெள்ளைப் புள்ளியாகத் திரும்பி வரும். வேண்டுமென்றே ஒளிவட்டம் தேவையென்றால் ஃபிளாஷைக் கழற்றி ஆளுக்குப் பின்னால் வையுங்கள். ஆட்டோ ஃபோகஸ் தடுமாறினால், ஒற்றைப் புள்ளியை இமை விளிம்பில் வைக்கலாம். அதுவும் பிடிக்கவில்லையென்றால் கைமுறை.

போனில் எடுப்பவர்கள் போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள். பனியில் கரையும் முடியையும் கம்பளியின் பிசிரையும் அதனால் பிரித்தறிய முடியாது, கத்தரியால் வெட்டி ஒட்டியதுபோல வரும். 2எக்ஸ் லென்ஸ், முகத்தில் விரலை அழுத்திப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும்.

உடையில், பனிக்கு வெள்ளையும் சாம்பலும் எதிரி. குங்குமச் சிவப்பு, கடுகு மஞ்சள், கருநீலம் ஏதாவது ஒன்று, ஒன்றே ஒன்று. புல்வெளியில் உட்கார வைத்தால் தாடைக்கு அடியில் பச்சை ஏறும். மடியில் வேட்டியை விரித்தால் அது நிற்கும்.

ஆளோடு பேசுவது

பாட்டை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். எடுக்கும் இடத்தில் இயர்போனில் ஒரே ஒருமுறை கேட்கட்டும், பிறகு நிறுத்துங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் உதடு தானாக அசையும், தலை தாளம் போடும், முகம் வீடியோ ஆல்பம் ஆகிவிடும். பாட்டு நின்றபின் வரும் நான்கைந்து நொடி மௌனத்தில்தான் படம் இருக்கிறது.

"சோகமா பாருங்க" என்றால் புருவம் சுருங்கும், அவ்வளவுதான். செயலாகச் சொல்லுங்கள்: "அந்த வாசலை ஒரு தடவை பாருங்க. யாரும் இல்லன்னு தெரிஞ்சதும் மெதுவா டம்ளர் பக்கம் திரும்புங்க." திரும்பும் வழியில் எடுக்க வேண்டும், திரும்பி முடித்தபின் இல்லை. வரியை மனசுக்குள் சொல்லச் சொல்லி, அந்தத் 'தான்' வரும்போது மூச்சை விடச் சொல்லுங்கள். தோள் இறங்கும், வாயோரம் ஒரு கோடு விழும்.

மூச்சுப் புகையே வேண்டுமென்றால், வெயில் ஆளுக்குப் பின்னால் தாழ்வாகவும், பின்னணி இருட்டாகவும் இருக்க வேண்டும். ஃபிளாஸ்கிலிருந்து சூடான சுக்குக் காப்பி ஒரு மிடறு குடித்துவிட்டு, ஊதாமல், 'ஹா' என்று விடச் சொல்லுங்கள். ஊதினால் மெல்லிய கோடாகப் போய்விடும். 1/500, தொடர் ஷட்டர். நாலைந்து முறைக்கு மேல் செய்யச் சொன்னால் மூக்கு சிவந்து கண் கலங்கும், அது வேறு படம்.

வயலிலோ சந்தையிலோ வேலை செய்பவர்களை உங்கள் பாட்டின் கதாபாத்திரம் ஆக்குவதானால், எதற்கு, எங்கே வெளியிடப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள், கூலி இழப்புக்கு ஈடு கொடுங்கள். காதல் தோல்விப் பாட்டுக்குத் தன் முகம் போனதை அவர் ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது.

வீடு திரும்பியபின்

எடிட்டிங் மென்பொருளில் மங்கலை நீக்கும் டீஹேஸ் பக்கம் போகாதீர்கள். பனியையும் எடுத்து, தோலில் அழுக்கையும் ஏற்றும். படத்தின் நிறச்சூட்டைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையைப் பனி நாளில் 6000 கெல்வினிலிருந்து தொடங்கலாம். குளிர் உணர்வுக்காகப் படம் முழுவதையும் நீலமாக்கினால் தோல் சாம்பல் பூத்துவிடும். நிழல்களில் மட்டும் நீலம் ஏற்றுங்கள்.

தேர்ந்தெடுக்க, பாட்டைக் கேட்காத ஒருவரிடம் படத்தைக் காட்டி, "இவங்க இப்ப என்ன சொல்லியிருப்பாங்க?" என்று கேளுங்கள். "நல்லா குளிருது" என்றால் அது சுற்றுலாப் படம். "சரி, வராட்டிப் போறான்" என்பதுபோல் ஏதாவது வந்தால் அதை வைத்துக்கொள்ளலாம்.

வரியையே படத்தின் கீழ் அச்சிட்டுப் புத்தகமோ கண்காட்சியோ போடுவதானால் அனுமதி வேண்டும். நம் நாட்டில் பாடல் வரிக்கு எழுதியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் பதிப்புரிமை. தலைப்பை உங்கள் சொந்தச் சொல்லில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கேமராவைப் பற்றி ஒன்று பாக்கி. பேட்டரிகளை மலையில் உள்சட்டைப் பையில் வைத்திருங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கும். மலையில் குளிர்ந்த லென்ஸ், கீழே வத்தலக்குண்டின் புழுக்கக் காற்று பட்டதும் வியர்க்கும், உள்ளேயும் வியர்க்கும். கிளம்புமுன் ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். கீழே இறங்கி அரை மணி கழித்துத் திறங்கள். ஈரத்தோடு பையில் மூடி வைத்த லென்ஸில் சில வாரத்தில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படரும். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள், ஜெல் நிறம் மாறியதும் வறுத்தெடுத்து மறுபடி போடுங்கள்.